ஊருணியில் விட்ட காப்பு நூல் குறித்து

“தெரிஞ்சேதான் செஞ்சாரா?” என்று சார்பு ஆய்வாளர் அவர்கள் என்னிடம் முதலில் கேட்டார். இந்தக் கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியாது. இரண்டாம் முறை கேட்டபோதும் அதையேதான் சொன்னேன். அந்தப் பதிலைப் பொறுத்துத்தான் வீரய்யாவை இன்று மாலை வீட்டுக்கு அனுப்புவதா, ரிமாண்டுக்கு அனுப்புவதா என்று முடிவாகும் என்றார். அதனால், தெரியாததைத் தெரியாது என்று முதலில் எழுதிவிட்டு, தெரிந்ததை நடந்த வரிசையில் என் கைப்பட எழுதித் தர அனுமதி கேட்டேன். அனுமதித்தார்.

என் பெயர் சொர்ணவல்லி. வயது 48. தகப்பனார் பெயர் ரெங்கசாமி. புதுக்கோட்டை மேல நான்காம் வீதியில் குடியிருக்கிறேன். சமூகவியலில் முனைவர் பட்டம் பெற்று, ஒரு பல்கலைக்கழகத்தின் ஆய்வுத் திட்டத்தில் வேலை பார்க்கிறேன். அணுமின் நிலையத்துக்குப் பராமரிப்பு வேலைக்குப் போகும் ஒப்பந்தத் தொழிலாளர்களோடு கூடவே இருந்து, அவர்கள் வேலை செய்யும் முறையைப் பார்த்து எழுதுவது என் பணி. அன்னவாசலுக்குப் பக்கத்தில் உள்ள குருந்தடிப்பட்டியைச் சேர்ந்த ஒரு குழுவோடு மாசி மாதத்திலிருந்து இருந்து வருகிறேன். எதிரி வீரய்யாவும் புகார்தாரர் திருப்பதியும் அந்தக் குழுவைச் சேர்ந்தவர்கள், ஒருவருக்கொருவர் பங்காளிகள். இருவரும் எனக்கு உறவினர் இல்லை. இருவரோடும் பகை இல்லை. இருவர் வீட்டிலும் சாப்பிட்டிருக்கிறேன்.

குழுவை நடத்துபவர் மேஸ்திரி குணசேகரன், அதே ஊர்க்காரர். உலையை நிறுத்திப் பழுது பார்க்கும் காலத்தை அவர்கள் ஷட்டவுன் என்பார்கள். அப்போது குணசேகரனுக்குப் போன் வரும், அவர் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போவார். வால்வுகளைப் பிரித்துக் கசிவை அடைப்பது, கசிந்த நீரைத் துடைத்தெடுப்பது, சாரம் கட்டுவது ஆகியவை இவர்கள் வேலை. எனக்குப் பயிற்சி வகுப்பு, உணவகம், தொழிலாளர் தங்கும் அறை, பிறகு உள்பகுதியின் தடுப்புக் கோடு வரை போக அனுமதி இருந்தது. கோட்டுக்கு அப்பால் நடந்த எதையும் நான் பார்க்கவில்லை. உடைமாற்றும் அறைக்கும் நான் போனதில்லை.

உள்ளே போகும் முன் எல்லோருக்கும் பாதுகாப்பு வகுப்பு நடந்தது. நானும் அதில் உட்கார்ந்திருந்தேன். உலையின் குழாய்களில் ஓடிக் கதிரியக்கம் ஏறிய கனநீர் பார்வைக்கும் கைக்கும் சாதாரணத் தண்ணீர் போலவே இருக்கும் என்றும், அதிலிருந்து வரும் கதிர்வீச்சு மிக மெலிது என்பதால் வெளியேறும் வாசலில் கை கால்களை வைத்துப் பார்க்கும் கருவி அதைக் காட்டாது என்றும், உடம்புக்குள் போயிருந்தால் சிறுநீர்ச் சோதனையில்தான் தெரியும் என்றும் அங்கே சொன்னார்கள். வீரய்யா எனக்கு முன் வரிசையில் மின்விசிறிக்குக் கீழே இருந்தார். கண்கள் திறந்திருந்தன. முடிவில் பயிற்சியாளர் “புரிஞ்சுதா?” என்று கேட்க, எல்லோரும் ஒரே குரலில் “புரிஞ்சுச்சு சார்” என்றார்கள். அந்தக் குரல் வகுப்பு முடிந்ததற்கு அடையாளம். புரிந்ததற்கு அடையாளமாக நான் அதை எடுத்துக்கொள்ளவில்லை.

இந்த ஆண்டு குருந்தடிப்பட்டி ஐயனார் கோயில் திருவிழா ஷட்டவுன் நடுவில் வந்தது. வேண்டுதல் உள்ளவர்கள் மஞ்சள் துண்டு கோத்த நூலைக் கையில் காப்பாகக் கட்டிக்கொள்வார்கள். கட்டியவர்கள் திருவிழா முடியும்வரை ஊர் எல்லையைத் தாண்டித் தங்கக் கூடாது, நூலையும் கழற்றக் கூடாது. ஆனால் காப்புக் கட்டிய மறுநாளே குழு முழுவதும் வேலைக்குப் புறப்பட்டது. அது எப்படி முடியும் என்று குணசேகரனிடம் கேட்டேன்.

“நாங்க எங்கம்மா எல்லையத் தாண்டுறோம்? எல்லையத்தான் கையோட கொண்டுக்கிட்டு வாரோமே” என்று ஒரு மஞ்சள் துணி முடிச்சைக் காட்டினார்.

கோயில் பூசாரி அள்ளிக் கொடுத்த பிடிமண் அதில் இருந்தது. தங்கும் அறையில் அதை ஆணியில் மாட்டினார்கள். அது தொங்கும்வரை அந்த அறை குருந்தடிப்பட்டிதான் என்பது அவர்கள் ஏற்பாடு. அறையில் கவிச்சி சமைக்கவில்லை, யாரும் கட்டிலில் படுக்கவில்லை. அறைக்குள் செருப்போடு வந்த வெளியூர் ஃபிட்டர் ஒருவரைத் திருப்பதி, “கோயில் எல்லைக்குள்ள செருப்போட வாரியே, நீயெல்லாம் வெளங்குவியா?” என்று விரட்டியதை நான் பார்த்தேன்.

நிலையத்துக்குள் மோதிரம், தாயத்து, அரைஞாண், கைக்கயிறு எதுவும் கூடாது என்பது விதி. அதற்கும் அவர்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். காலையில் பேருந்து வருவதற்கு முன், மணிக்கட்டில் இருக்கும் நூலை முழங்கைக்குக் கிட்டே தள்ளி, மேலே டேப்பைச் சுற்றி, முழுக்கைச் சட்டையை இழுத்து விட்டுக்கொள்வார்கள். ஒரு கையால் டேப் சுற்ற வராது என்பதால் ஒருவருக்கு ஒருவர் சுற்றி விடுவார்கள். வீரய்யாவுக்குச் சுற்றி விட்டவர் திருப்பதி. திருப்பதிக்குச் சுற்றி விட்டவர் வீரய்யா. குணசேகரன் தன் கையை என்னிடம் நீட்டி, “செத்தப் புடிங்கம்மா” என்றார். நான் ஆய்வு செய்ய வந்தவள் என்பதால் எதிலும் கை வைப்பதில்லை என்று சொன்னேன். புகாரில் வீரய்யா மட்டுமே நூலை மறைத்து உள்ளே கொண்டுபோனதாக எழுதியிருப்பதாக அறிகிறேன். அது சரியல்ல. காப்புக் கட்டியிருந்த எல்லோருமே கொண்டுபோனார்கள்.

திருவிழாவின் கடைசி நாளுக்கு முந்தைய நாள் உள்ளே ஒரு வால்வில் கசிவு. அதைத் துடைக்கும் வேலை வீரய்யாவுக்கு. கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றபடி அவர் வெளியேறும் வாசலுக்கு வந்ததைப் பார்த்தேன். கருவியில் கைகளையும் கால்களையும் வைத்தார். கருவி சத்தமிடவில்லை. வழக்கப்படி சிறுநீர்ப் புட்டியைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தார். அதன் பிறகு வாசலுக்கு எதிரே உள்ள டீக்கடையில் எல்லோரும் நின்றோம். வீரய்யா சட்டைக் கையை மடித்து டேப்பைப் பிரித்தார். அப்போது நடந்த பேச்சு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

“என்னடா வீரா, நூலு சொதசொதன்னு இருக்கு?” என்று கேட்டவர் குணசேகரன்.

“வேர்வைண்ணே.”

“மஞ்ச பூராவும் கரைஞ்சு முழங்கை வரைக்கும் வழிஞ்சிருக்கு. இது வேர்வையா?”

“மிஷினே சும்மா இருந்துச்சு. நீ ஏண்ணே கத்துற?”

“மிஷினுக்கும் ஒரு காப்பக் கட்டி விட்டிருப்பான், அதான் வாயத் தொறக்கல” என்று திருப்பதி சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள்.

குணசேகரன் சிரிக்கவில்லை. “டீயக் குடிச்சிட்டுக் கெளம்புங்க, பஸ்ஸுக்கு நேரமாச்சு” என்றார்.

கருவி இந்த நீரைக் காட்டாது என்பது வீரய்யாவுக்கு வகுப்பிலேயே சொல்லப்பட்டது என்றும், ஆகவே அவருக்குத் தெரியும் என்றும் வாதிடலாம். வகுப்பில் நானும் இருந்தேன். குறிப்பெடுத்தேன். டீக்கடையில் அந்த ஈர நூலை அவருக்கு ஓர் அடி தள்ளி நின்று பார்த்தேன். அப்போது எனக்கு வகுப்பு நினைவுக்கு வந்ததா என்று நேற்றிலிருந்து என்னையே கேட்டுப் பார்க்கிறேன். வந்ததாக நினைவில்லை. எனக்கே தோன்றாத ஒன்று அவருக்குத் தோன்றியிருக்கும் என்று எழுத எனக்கு மனமில்லை. தோன்றியிருக்காது என்று எழுதவும் என்னிடம் ஆதாரமில்லை.

அதன் பிறகு குழுவோடு நானும் ஊர் வந்தேன். மறுநாள், அதாவது நேற்றுக் காலை, காப்பு இறக்கும் நாள். குருந்தடிப்பட்டியில் குழாய்த் தண்ணீர் இருக்கிறது, ஆனாலும் குடிப்பதற்கும் பருப்பு வேகவைக்கவும் ஊருணித் தண்ணீரைத்தான் எடுப்பார்கள். வேறு நாட்களில் யாரும் அதில் காலை நனைக்கக் கூடாது. காப்பு இறக்கும் நாளில் மட்டும் காப்புக் கட்டியவர்கள் ஒவ்வொருவராக இடுப்பளவுக்கு இறங்கி, நூலை அவிழ்த்துத் தண்ணீரில் விட்டு, ஒரு கை அள்ளிக் குடித்துவிட்டு ஏற வேண்டும். முதலில் இறங்கும் உரிமை பங்காளிகளுக்குள் மாறி மாறி வரும். இந்த ஆண்டு அது தன் வகையறாவுக்கு என்று திருப்பதி சொன்னார். பூசாரி, வீரய்யாவுக்கு என்றார். “சரி சரி, அவுகளே எறங்கட்டும், ராசா வீட்டுப் புள்ளைக” என்று சொல்லித் திருப்பதி இரண்டாவதாக நின்றார். வீரய்யா இறங்கி, அவிழ்த்து, விட்டு, குடித்து, ஏறினார். திருப்பதி படியில் கால் வைக்கும் முன் கரையில் ஒரு ஜீப் வந்து நின்றது.

அதில் வந்தவர் நிலையத்தின் கதிர்வீச்சுப் பாதுகாப்புப் பிரிவைச் சேர்ந்த தேவிப்ரியா. சுமார் முப்பது வயது இருக்கும். வீரய்யாவின் சிறுநீரில் அந்தக் கனநீரின் கதிரியக்கம் அளவுக்கு மேல் இருப்பது தெரிந்து, போன் எடுக்காததால் நேரில் வந்ததாகச் சொன்னார். உடம்பில் எது நனைந்தது என்று வீரய்யாவிடம் கேட்டார். காப்பு நூல் என்று சொல்லி, வீரய்யா ஊருணியைக் காட்டினார். தேவிப்ரியா கரையோரம் போய்த் தண்ணீரைப் பார்த்தார். பிறகு, ஒரு நூலில் ஒட்டியிருந்தது இவ்வளவு தண்ணீரில் கலந்தால் ஒன்றுமே இல்லை, பயப்பட வேண்டாம் என்று எல்லோரிடமும் சொன்னார்.

“ஒண்ணுமில்லாததுக்கா இம்புட்டுத் தூரம் வண்டியப் போட்டுக்கிட்டு வந்தீங்க?” என்று திருப்பதி கேட்டார்.

நனைந்த பொருள் எதுவானாலும் திரும்ப எடுக்க வேண்டும் என்பது நடைமுறை என்றும், வீரய்யாவிடம் மறுபடி சோதனைக்கு எடுக்க வேண்டியிருக்கிறது என்றும், தண்ணீரிலும் மாதிரி எடுக்கப்போவதாகவும், முடிவு வரச் சில நாட்கள் ஆகும் என்றும் அவர் விளக்கினார்.

“அதெல்லாம் இருக்கட்டும் மேடம். ஒரு சொம்பு மோந்து தாரோம், குடிச்சுக் காட்டுங்க.”

“நான் வெளியூர்ல எங்கயுமே தண்ணி குடிக்க மாட்டேங்க, எனக்கு வயித்துக்கு ஒத்துக்காது” என்று தேவிப்ரியா சொன்னார். அவர் கையில் பாட்டில் இருந்தது. கரையில் சிரிப்பு எழுந்தது. அது வேடிக்கையான சிரிப்பு இல்லை.

அதன் பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். திருப்பதிதான் கேட்டார். “நீங்க ரெண்டு பக்கமும் இல்லாதவங்க. படிச்சவங்க. நீங்க சொல்லுங்க, குடிக்கலாமா, கூடாதா?”

சோதித்துப் பார்க்காமல் என்னால் சொல்ல முடியாது என்றேன்.

தேவிப்ரியா சொன்ன கணக்கு சரியாக இருக்கும் என்றே அப்போதும் நினைத்தேன், இப்போதும் நினைக்கிறேன். ஆனால் நினைப்பது வேறு, அறிந்தது வேறு. என் பதிலில் ஒரு சொல்லும் தவறில்லை. அதைச் சொல்லி முடித்ததும், படியில் நின்ற ஒரு பெண் தன் குடத்தைக் கவிழ்த்தார். அதன் பிறகு வரிசையில் இருந்த குடங்கள் எல்லாம் கவிழ்ந்தன. தண்ணீர் சரிவில் ஓடி எங்கள் செருப்புகளை நனைத்தது. சிலர் காலைத் தூக்கி விலகி நின்றார்கள்.

“நானுந்தானே ஒரு கை குடிச்சிட்டு ஏறுனேன்!” என்று வீரய்யா கத்தினார்.

“நீ அங்கிட்டே கெடந்து பழகுனவன். ஒனக்கு ஒண்ணும் செய்யாது. ஊருப் புள்ளைகளுக்கு?” என்றார் திருப்பதி. அங்கேயே கிடந்து பழகியவர்களில் திருப்பதியும் ஒருவர் என்பதை அப்போது யாரும் சொல்லவில்லை.

வீரய்யாவைச் சிலர் பிடித்துத் தள்ளினார்கள். அவர் சட்டை கிழிந்தது. அவர் யாரையும் அடிக்கவில்லை. அவர் மனைவி ரஞ்சிதா அவர் கையைப் பிடித்து வீட்டுக்கு இழுத்துப் போனார். என்னைத் தாண்டும்போது நின்றார்.

“சும்மாவாச்சும் ‘குடிக்கலாம்’னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லக்கா” என்றார்.



தேவிப்ரியா புட்டிகளில் தண்ணீர் எடுத்தார். நூல் அடியில் சேற்றில் போயிருக்கும் என்று தேடுவதைக் கைவிட்டார். புறப்படும் முன் குணசேகரனிடம், இனி உள்ளே வருபவர் ஒவ்வொருவருடைய கையையும் சட்டையை மடக்கிப் பார்ப்போம், நூல் இருந்தால் பாஸ் ரத்து என்று சொன்னார். அப்போது குணசேகரன், திருப்பதி, மற்றவர்கள் எல்லோர் கையிலும் நூல் இருந்தது. எல்லோரும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

மாலையில் திருப்பதி இந்தக் காவல் நிலையத்தில் புகார் கொடுத்ததாகவும், குடிநீரில் தெரிந்தே நஞ்சு கலந்ததாக அதில் இருப்பதாகவும், வீரய்யாவை அழைத்து வந்ததாகவும் பின்னால் அறிந்தேன். அவரை அழைத்து வந்தபோது நான் அங்கே இல்லை.

அதன் பிறகு குணசேகரன் நான் தங்கியிருந்த வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

“ஒங்களக் கூப்புட்டுக் கேப்பாங்கம்மா. நீங்க எல்லாத்தயும் சொல்லுங்க. எல்லாரும் நூலோட உள்ள போனோம்ங்குறத மட்டும் விட்டுருங்க.”

விட்டால் வீரய்யா ஒருவர் தலையில்தான் எல்லாம் விழும் என்றேன்.

“அவன் பாஸ் எப்படியும் போச்சு. அது அவனோட நிக்கட்டும்ங்குறேன். எல்லாரு பாஸும் போனா ஊரே உக்காந்துரும்ல?”

அவர் வந்து இப்படிக் கேட்டதையும் சேர்த்தே எழுத வேண்டியிருக்கும் என்று சொன்னேன்.

“எழுதுங்க, நல்லா எழுதுங்க. ஒங்களுக்கென்ன, எழுதிக் குடுத்துட்டுப் புதுக்கோட்டைக்கு பஸ் ஏறிருவீங்க. நாங்க இங்கனதான கெடக்கணும்” என்றார்.

அவர் சொன்னது சரி. இந்த வாக்குமூலத்தால் குழுவில் உள்ள எல்லோருடைய வேலைக்கும் பாதிப்பு வரலாம் என்பது எனக்குத் தெரியும். எனக்கு எந்தப் பாதிப்பும் வராது. இதை யோசித்துப் பார்த்த பிறகும் மேலே எழுதியதை அடிக்கவில்லை. ஊருணிக்கரையில் ஒரு கேள்விக்கு உள்ளதைத்தான் சொன்னேன். அதன் விளைவை வீரய்யா அனுபவிக்கிறார். இங்கே மற்றவர்களுக்காக உள்ளதை மறைத்தால், அதையும் அவர்தான் அனுபவிப்பார்.

மறுநாள், அதாவது இன்று காலை நடந்ததையும் பதிவு செய்கிறேன். ஆட்களைத் திரும்ப வேலைக்கு ஏற்றிக்கொள்ள ஒப்பந்தக்காரரின் வேன் ஊருக்குள் வந்தது. பைகளோடு எல்லோரும் கோயில் முன் கூடினார்கள். நூலோடு போனால் வாசலிலேயே பிடிபடுவார்கள். நூலை இறக்கினால்தான் போக முடியும். குழாயடியில் அவிழ்த்துக்கொள்ளலாமா என்று ஒருவர் பூசாரியிடம் கேட்டார்.

“கொழாயடில அவுக்குறதுக்கு இதென்ன ஆஸ்பத்திரிக் கட்டா? கட்டுனது ஐயனுக்கு. எறக்குனா ஊருணிலதான் எறக்கணும். பயமா இருந்தா கட்டுன கையோட வீட்ல இருங்க” என்று பூசாரி சொன்னார்.

வேன் ஓட்டுநர் ஹாரன் அடித்தார். குணசேகரன் சட்டையைக் கழற்றி வேன் ஜன்னலில் போட்டுவிட்டு ஊருணிக்கு நடந்தார். அதன் பிறகு மற்றவர்களும் நடந்தார்கள். நான் எதிர்க்கரையில் நின்றேன். தண்ணீர்ச் சோதனையின் முடிவு அப்போது வந்திருக்கவில்லை. இன்னும் சில நாட்களுக்கு வராது என்பது எல்லோருக்கும் தெரியும். படிக்கு வந்ததும், “திருப்பதி, மொதல்ல நீ எறங்கு, ஒன் மொறதான” என்று குணசேகரன் சொன்னார். திருப்பதி என்னைப் பார்த்தார். பிறகு வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு இடுப்பளவுக்கு இறங்கினார். நூலை அவிழ்த்துத் தண்ணீரில் விட்டார். ஒரு கை அள்ளினார். குடித்தார். அவர் தொண்டை ஏறி இறங்கியதை நான் பார்த்தேன். அவருக்குப் பின் ஒவ்வொருவராக இறங்கி, விட்டு, குடித்து, ஏறினார்கள். ஈரத்தோடு வேனில் ஏறினார்கள். புகாரைத் திரும்பப் பெறுவது பற்றித் திருப்பதி என் காதுபட எதுவும் சொல்லவில்லை. ரஞ்சிதா வேன் அருகே போய் ஜன்னல் வழியாக அவரிடம் ஏதோ கேட்டார். என்ன கேட்டார் என்பது எனக்குக் கேட்கவில்லை. திருப்பதி முன்பக்கம் திரும்பிக்கொண்டார். வேன் அன்னவாசல் சாலைக்குத் திரும்பிப் போயிற்று. வீரய்யா அப்போது இந்தக் காவல் நிலையத்தில் இருந்தார்.

மேலே உள்ளதில் நான் கண்டதையும் கேட்டதையும் அப்படியே எழுதியிருக்கிறேன். பிறர் சொல்லி அறிந்ததை அவ்வாறே குறித்திருக்கிறேன். யாருடைய தூண்டுதலும் இல்லை. ஒரு முறை முழுவதும் படித்துப் பார்த்து, மாற்றுவதற்கு ஒன்றுமில்லை என்று கண்டு ஒப்பமிடுகிறேன்.

(ஒப்பம்)
ரெ. சொர்ணவல்லி
அன்னவாசல்